வேப்பங்குட்டையில் மணி அடிக்கவில்லை

ஒன்பது பத்து ஆகிவிட்டது.

பள்ளிக்கூட மணி அடிக்கவில்லை!

வேப்பங்குட்டை ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் இப்படி ஒரு அதிசயம் நடந்ததே கிடையாது. மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் தட்டுபவர் தலைமையாசிரியர் பொன்னுசாமியேதான். ப்யூன் போஸ்ட் கேட்டுக் கேட்டு அலுத்துப் போய், பதினோரு வருஷமாக அவரே தட்டிக்கொண்டிருந்தார். மழையோ, காய்ச்சலோ... ஒன்பது பத்து என்றால் ஒன்பது பத்து!

2001 டிசம்பர் 4, செவ்வாய்க்கிழமை.

ஏழாம் வகுப்பு ஆசிரியை மதிவதனி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இருபத்தேழு வயது. கடுகு நிறப் பட்டுப்புடவை, அரக்குக் கரை. இன்று ஒரு நல்ல சேதி வரப்போகிறது என்பதற்காகவே எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"சார்! மணி அடிக்கலீங்களா?"

தலைமையாசிரியர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

தள்ளினாள்.

அடுத்த நொடி அவள் போட்ட அலறலில் மரத்திலிருந்த காக்கை மொத்தமும் பறந்தது!

பொன்னுசாமி மேஜைக்கும் பீரோவுக்கும் நடுவே குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது. பக்கத்தில்... மணி அடிக்கும் அதே இரும்புக் கம்பி!

* * *

இன்ஸ்பெக்டர் தென்னரசு ஜீப்பிலிருந்து குதிக்கும்போது மணி பத்து. செய்யார் பக்கம் விவசாயக் குடும்பம். வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய், நாக்கில் எப்போதும் ஒரு நக்கல். கூடவே சப்-இன்ஸ்பெக்டர் ஸ்வர்ணலதா. ஆரணியிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் மூன்று தறி.

எதிரே எஸ்.டி.டி. பூத்திலிருந்து போலீசுக்குப் போன் செய்தவள் மதிவதனிதான். இப்போது வராண்டாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவளை அணைத்துப் பிடித்தபடி இன்னொரு பெண்.

"நீங்க யாரும்மா?" என்றார் தென்னரசு.

"தீபா சார். கல்வி அலுவலர் ஆபீஸ்ல ஜூனியர் அசிஸ்டென்ட். மதியும் நானும் டீச்சர் ட்ரெய்னிங்லயே ஒண்ணா படிச்சவங்க. போன் பண்ணா... டி.வி.எஸ். ஃபிஃப்டியை எடுத்துகினு ஓடி வந்தேன்."

சொல்லிக்கொண்டே வயர் கூடையிலிருந்து ஃப்ளாஸ்க்கை எடுத்து, மூடியில் காபி ஊற்றி மதிவதனியின் வாயருகே கொண்டு போனாள்.

"ஒரு வாய் குடிடி... காலைலருந்து பச்சத்தண்ணி கூட உள்ள போவலல்ல?"

நல்ல சிநேகிதி! இந்தக் காலத்தில் யாருக்குக் கிடைக்கும்?

"டீச்சர், கடைசியா எப்ப பேசினீங்க ஹெட்மாஸ்டர்கிட்ட?"

"நேத்து சாயந்தரம் சார். 'மதி, நம்மள காட்டிக் குடுக்கறது யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன். நாளைக்குக் காலைல சொல்றேன்'னாரு. இன்னொண்ணும் சொன்னாரு சார்... 'இத்தினி நாளா என் கண்ணு முன்னாடியே தொங்கிகினு இருந்திருக்குது, நான்தான் பாக்கல'ன்னு சிரிச்சாரு."

"காட்டிக் குடுத்தாங்களா? எதை?"

மதிவதனி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். கொட்ட ஆரம்பித்தாள்.

"எங்க ஸ்கூல்ல முப்பத்தி நாலு பசங்க பேரு மட்டும்தான் படிக்குது சார்! பசங்க படிக்கல. அவங்கல்லாம் கமலக்கண்ணன் தறிக்கூடத்துல, கரை நாடா தள்ளிகினு இருக்காங்க. ஆனா ரிஜிஸ்டர்ல தினம் ஆஜர்! அப்படித்தான் போடணும்னு ஆபீஸ் உத்தரவு. ஒன்றியத்துல பதினாலு ஸ்கூலு... சேர்க்கை நூறு சதம், இடைநிற்றல் பூஜ்யம்! கல்வி அலுவலர் ஜெயச்சந்திரன் சாருக்கு விருது வரப்போவுது."

"நீங்க சும்மா இருந்தீங்களா?"

"மூணு தடவை மனு போட்டேன் சார். மூணு தடவையும் 'திடீர் ஆய்வு' வந்துச்சு. மூணு தடவையும்..." வகுப்புப் பக்கம் கையைக் காட்டினாள். "அந்த முப்பத்தி நாலு பசங்களும் பெஞ்சில உக்காந்துகினு இருந்தாங்க சார்! எண்ணெய் தடவி, தலை சீவி! நான் பொய்க்காரியாயிட்டேன். மெமோ குடுத்துட்டாங்க. இன்னொரு மனு பொய்யாப் போச்சுன்னா சஸ்பென்ஷன்."

"அய்யோ பாவமே..." என்றாள் ஸ்வர்ணலதா.

"ஹெட்மாஸ்டர் மட்டும்தான் நம்புனாரு. நிஜமா தினம் யாரு வந்தாங்கன்னு ரகசியமா ஒரு நோட்டு எழுதிகினு இருந்தாரு. பழுப்பு அட்டை, குயர் நோட்டு. ஒரு வருஷக் கணக்கு. இன்னிக்கு அதை கலெக்டர் ஆபீசுக்கு எடுத்துகினு போறதா இருந்தாரு."

தென்னரசு அறைக்குள் திரும்பிப் பார்த்தார். பீரோ திறந்து கிடந்தது.

"நோட்டு இல்ல. கொன்னது அதுக்குத்தான். டீச்சர்... இந்த நோட்டு விஷயம், கண்டுபிடிச்ச விஷயம்... யாருக்குத் தெரியும்?"

"யார்கிட்டயும் சொல்லல சார்! சத்தியமா!"

தீபா அவள் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

* * *

பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் கமலக்கண்ணன். முப்பத்தி நாலு தறிக்குச் சொந்தக்காரர். பள்ளிக்குக் காம்பவுண்டு சுவர் கட்டிக்கொடுத்த வள்ளல். அந்தச் சுவரைத் தாண்டிப் பிள்ளைகளைத் தன் கூடத்துக்கு இழுத்துக்கொண்டதும் அதே வள்ளல்தான். பள்ளிக்கூடத்தை நிர்வாகம் செய்ய எப்பேர்ப்பட்ட ஆளைப் பிடித்திருக்கிறார்கள், பாருங்கள்!

தறிக்கூடத்துக்குள் போலீஸ் நுழைந்ததும் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

ஒவ்வொரு நெசவாளி பக்கத்திலும் ஒரு சின்ன உருவம். பத்து வயசு, பன்னிரண்டு வயசு. குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் கட்டைதான் நாடா. புடவை உடம்புக்கு ஒன்று, கரைக்கு ஒன்று. கரை நாடாவை வாங்கித் தள்ள ஒரு கை வேண்டும். அதற்குத்தான் இந்தக் கைகள்!

"இன்னா சார், பேஜார் பண்றீங்க?" கமலக்கண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். "காலைல ஆறு மணிலருந்து இங்கதான் இருக்கறேன். இருபது பேரு பாத்தாங்க. கேட்டுக்குங்க!"

"கேட்டுக்கறேன். இந்தப் பசங்க?"

"அவங்க... லீவுக்கு வந்தாங்க."

"டிசம்பர் நாலாந்தேதி என்ன லீவு? உங்க பிறந்த நாளா?"

கமலக்கண்ணன் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்.

"சரி சார், ஒத்துக்கறேன். பசங்க தறியிலதான். அவங்க வூட்ல அனுப்பறாங்க, நான் வேலை குடுக்கறேன். ஆனா கொலையெல்லாம்... சாமி சத்தியமா இல்ல சார்! வர்ற தை மாசம் என் பையன் ராஜ்குமாருக்குக் கல்யாணம் வெச்சிருக்கறேன். பத்திரிகை அடிச்சாச்சு. இந்த நேரத்துல ஒரு மனுசன் ரத்தத்துல கை வெப்பனா?"

"திடீர் ஆய்வு வர்ற நாளைக்கு மட்டும் பசங்கள பள்ளிக்கூடம் அனுப்பறீங்களே... யாரு தகவல் சொல்றாங்க?"

"எனக்கு யாரும் தகவல் சொல்லல சார்!"

"பொய்."

"என் தொழில் மேல ஆணை! யாரும் போன் பண்ணல, யாரும் வந்து சொல்லல. நான் 'இன்னிக்கு ஸ்கூலுக்குப் போங்கடா'ன்னு ஒரு நாள் கூட சொன்னதில்ல!"

விசித்திரம் என்னவென்றால், ஆள் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இருபது வருஷ போலீஸ் மூக்குக்கு அது தெரிந்தது. தென்னரசுக்குக் குழப்பம் தலைக்கேறியது.

வெளியே வரும்போது தறியோரம் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி ஸ்வர்ணலதாவின் கையைப் பிடித்து இழுத்தாள். பெயர் கோமளா. ஏழாம் வகுப்பு... அதாவது ரிஜிஸ்டரில்.

"அக்கா... எங்க டீச்சர் மஞ்சப் புடவை கட்டிகினு வந்தாங்களா? அரக்குக் கரை வெச்சது?"

"ஆமா. உனக்கெப்படித் தெரியும்?"

"அந்தக் கரை நான் போட்டதுக்கா!" என்றாள் கோமளா பெருமையாக.

அதை டீச்சருக்கென்று வாங்கிப் போனது யார் என்பதையும் சொன்னாள். அந்தப் பெயரைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். அவசரப்படாதீர்கள்!

* * *

கல்வி அலுவலர் ஜெயச்சந்திரன் அறையில் ஒரு சுவர் முழுக்க சார்ட். நூறு, நூறு, நூறு என்று பதினாலு நூறு. அவர் மீசையில் கூட மடிப்புக் கலையவில்லை.

"வேப்பங்குட்டை என் ஒன்றியத்துக்கே முன்மாதிரிப் பள்ளி, இன்ஸ்பெக்டர். மூணு தடவை நானே நேர்ல போய் தலையை எண்ணியிருக்கேன். இருநூத்திப் பன்னெண்டுக்கு இருநூத்திப் பன்னெண்டு! அந்தம்மா மதிவதனிக்கு மனசு சரியில்ல."

"கொலை நடந்தது எட்டு மணி வாக்குலன்னு டாக்டர் சொல்றாரு. அப்ப எங்க இருந்தீங்க?"

"வீட்ல. தனியா. ஃபேமிலி திண்டிவனத்துல இருக்காங்க."

"சாட்சி?"

"டிவி."

தென்னரசு சிரிக்கவில்லை. விருதைக் காப்பாற்ற ஒரு நோட்டைப் பிடுங்குவது... பிடுங்கும்போது கம்பியை ஓங்குவது... இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

"சார், தூக்கிடலாமா?" என்று காதருகே கேட்டாள் ஸ்வர்ணலதா.

"இரும்மா. ஹெட்மாஸ்டர் சொன்னது உறுத்துது. கண்ணு முன்னாடியே தொங்குச்சாம்... என்ன தொங்குச்சு?"

* * *

பகல் இரண்டரை. மறுபடி தலைமையாசிரியர் அறை. உடல் போஸ்ட்மார்ட்டத்துக்குப் போயாகிவிட்டது.

பொன்னுசாமியின் நாற்காலியிலேயே உட்கார்ந்து பார்த்தார் தென்னரசு. எதிர்ச் சுவரில் தொங்கியவை மூன்று. ஒரு தலைவர் படம். ஒரு இந்திய வரைபடம். கண்ணமங்கலம் மளிகைக்கடை கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று.

மேஜையில் பார்வைப் பதிவேடு. ஆய்வுக்கு வரும் அதிகாரி கையெழுத்துப் போடும் புத்தகம். இந்த வருஷம் மூன்று கையெழுத்து. மூன்று தேதியையும் பொன்னுசாமி பென்சிலால் சுழித்து வைத்திருந்தார்.

"ஸ்வர்ணா, குறிச்சுக்கோ. பிப்ரவரி இருபத்தி மூணு. ஜூன் இருபத்தி ஒண்ணு. அக்டோபர் பதினாறு. வெள்ளி, வியாழன், செவ்வாய். ஒரு ஒத்துமையும் இல்ல."

ஸ்வர்ணலதா காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றினாள். பின்னோக்கிப் புரட்டினாள். அக்டோபர்... ஜூன்... பிப்ரவரி...

"ஐயையோ... சார்!"

"என்ன?"

"மூணு தேதியிலயும் கருப்பு வட்டம் சார்! மூணுமே அமாவாசை!"

"அதனால? எங்க வீட்ல அன்னிக்கு வாழக்காய் பொரியல். வேற என்ன?"

"சார், நீங்க ஏர் ஓட்டற குடும்பம்... உங்களுக்குத் தெரியாது. அமாவாசை அன்னிக்கு எங்க ஆளுங்க தறியைத் தொடவே மாட்டாங்க! மாசத்துல ஒரே ஒரு லீவு அதுதான். அன்னிக்கு இந்தப் பசங்களுக்கு வேலை கிடையாது. சத்துணவுல முட்டை கெடைக்கும், சிநேகிதங்களப் பாக்கலாம்னு தானா ஸ்கூலுக்கு வந்துருவாங்க. யாரும் சொல்லவே வாணாம்!"

தென்னரசு எழுந்தே விட்டார்.

அதனால்தான் கமலக்கண்ணன் அடித்துச் சொன்னார். அவருக்குத் தகவல் சொல்ல அவசியமே இல்லை! ஆய்வுத் தேதியை அமாவாசையில் வைத்துவிட்டால் போதும். வகுப்பு தானே நிரம்பும். மனு தானே பொய்யாகும். ஒரு தடயம் கிடையாது!

"ஆனா ஸ்வர்ணா... ஜெயச்சந்திரன் திண்டிவனத்துக்காரன். தறியைப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்? இது நெசவு வீட்டுல பொறந்த மூளை. இரு... உன்கிட்ட அந்தக் குட்டி சொன்ன பேரு என்ன?"

ஸ்வர்ணலதா பெயரைச் சொன்னாள்.

தென்னரசு ஏலக்காயைத் துப்பினார்.

"எல்லாரையும் ஜல்தியா வரச் சொல்லு. அமாவாசைங்கற வார்த்தை ஒருத்தர் காதுலயும் விழக்கூடாது."

* * *

மூன்று மணி. அறையில் நான்கு பேர். ஜெயச்சந்திரன், கமலக்கண்ணன், மதிவதனி... அவளைத் தாங்கியபடி தீபா. காலடியில் வயர் கூடை.

"கலெக்டர் பேசினாரு," என்றார் தென்னரசு அலட்சியமாக. "இந்த மாசத்துக்குள்ள இங்க ஒரு கூட்டு ஆய்வு. கடைசி ஆய்வு. பசங்க இல்லன்னா ஸ்கூல் நிர்வாகம் மொத்தமும் மாறும். பசங்க இருந்தா டீச்சர் சஸ்பெண்ட். தேதி குடுங்க சார்."

ஜெயச்சந்திரன் கையை விரித்தார். "டூர் ப்ரோக்ராம் எல்லாம் தீபாம்மாதான் போடுவாங்க. நான் கையெழுத்து மட்டும்தான்."

"அப்ப நீங்களே சொல்லுங்கம்மா. உங்க சிநேகிதி தலையெழுத்து. நாளைக்கே வெச்சுக்கலாமா?"

"நாளைக்கா? வேணாம் சார்," என்றாள் தீபா. யோசிக்கவே இல்லை. மூன்று தடவை செய்த கை நான்காம் தடவையும் செய்தது. "மதி தேறணும்ல. பதினாலாம் தேதி வெள்ளிக்கிழமை போட்றலாம்."

"ஏன் பதினாலு?"

"சும்மாதான்... அன்னிக்கு சாருக்கு வேற வேலை இல்ல."

தென்னரசு காலண்டரை எடுத்து மதிவதனியின் மடியில் வைத்தார்.

"டீச்சர்... டிசம்பர் பதினாலு. கட்டத்துல என்ன போட்டிருக்குன்னு படிங்க."

"கருப்பு வட்டம் சார்... அமாவாசை."

"அன்னிக்குத் தறி ஓடாது. இப்ப அந்த மூணு ஆய்வுத் தேதியையும் பாருங்க."

மதிவதனி புரட்டினாள். ஒரு பக்கம். இன்னொரு பக்கம். மூன்றாவது பக்கத்தில் அவள் விரல் நின்றுவிட்டது.

மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"தீபா...?"

"மதி, இவங்க என்னமோ உளர்றாங்கடி..."

"நேத்து ராத்திரி போன்ல உன்கிட்டதானேடி சொன்னேன். நோட்டைப் பத்தி... சார் கண்டுபிடிச்சதைப் பத்தி..."

"டீச்சர், யார்கிட்டயும் சொல்லலன்னு சத்தியம் பண்ணீங்களே?" என்றார் தென்னரசு.

"இவ 'யாரோ' இல்லயே சார்!" கத்தினாள் மதிவதனி. "இவகிட்ட சொல்றது எனக்கு நானே சொல்லிக்கற மாதிரி சார்!"

தீபா சட்டென்று எழுந்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி ஒரு எட்டு. ஸ்வர்ணலதா குறுக்கே நின்றாள். கூடை அவள் கைக்குப் போனது. ஃப்ளாஸ்க் வெளியே வந்தது. டிபன் பாக்ஸ் வந்தது. மடித்த துண்டு வந்தது.

துண்டுக்குள்... பழுப்பு அட்டைக் குயர் நோட்டு!

காலையிலிருந்து அதன் மேலே வைத்த ஃப்ளாஸ்க்கிலிருந்துதான் மதிவதனிக்குக் காபி ஊற்றப்பட்டிருந்தது!

"எங்கயும் எரிக்க நேரமே கெடைக்கல, இல்ல?" என்றார் தென்னரசு. "எட்டு மணிக்கு அடிச்சீங்க, ஆபீஸ் போனீங்க, அதுக்குள்ள சிநேகிதி கூப்ட்டுட்டாங்க. கமலக்கண்ணன் சார், உங்க மகன் ராஜ்குமாருக்குப் பேசி வெச்ச பொண்ணு பேரு என்ன?"

கமலக்கண்ணனின் விரல் தீபாவைக் காட்டியது.

தீபா உடைந்தாள்.

"தறிக்கூடத்தை சீல் வெச்சா கல்யாணம் நிக்கும் சார்! எங்க வூட்ல இருக்கறது ரெண்டே தறி. எனக்கு இப்படி ஒரு இடம் இன்னொரு தடவை வருமா? நோட்டைத்தான் கேட்டேன். கெஞ்சிக் கேட்டேன். அவரு... 'நீ மதிகிட்ட போய் நீயே சொல்லு, அப்புறம் பேசலாம்'னாரு. மதிகிட்ட மட்டும் என்னால சொல்ல முடியாது சார்! அதான்... கம்பி கைக்கு வந்துருச்சு..."

"மாப்ள பேரை ஏன்டி எனக்கு சொல்லல?" மதிவதனியின் குரல் அடங்கிப் போயிருந்தது. "பத்திரிகை வர்ற வரைக்கும் சஸ்பென்ஸுன்னியே... தாலி கட்டறப்ப நீதான் பக்கத்துல நிக்கணும்னியே..."

"மதி..."

"பொறந்த நாளுக்குக் குடுத்தியே, இந்தப் புடவை. எங்க நெய்தது?"

ஸ்வர்ணலதா சொன்னாள்.

"கமலக்கண்ணன் கூடத்துலதான் மேடம். கரை போட்டது உங்க கிளாஸ் கோமளா. முதலாளி வூட்டுக்கு மருமகளா வரப்போற தீபாக்கா டீச்சருக்குன்னு வாங்கினு போச்சுன்னு அவதான் சொன்னா."

மதிவதனி குனிந்து தன் முந்தானைக் கரையைப் பார்த்தாள். பத்து மாதமாக எந்தக் கைகளை மீட்க மனு எழுதினாளோ, அந்தக் கை போட்ட கரை. தோளில் குத்தியிருந்த ஊக்கைப் பிடுங்கி எறிந்து, புடவையை அவிழ்க்கப் போனாள். சக ஆசிரியை கிருஷ்ணம்மாள் ஓடி வந்து ஒரு போர்வையைப் போர்த்தி அழைத்துப் போனாள். மதிவதனியின் அழுகைச் சத்தம் வராண்டா முழுக்கக் கேட்டது. அடித்துக் கொன்றவர்களைக் கூட ஒரு நாள் மன்னிக்கலாம். காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே கொன்றவர்களை என்ன செய்வது?

* * *

மறுநாள் புதன்கிழமை. கலெக்டர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். ஏழாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை மதிவதனி பருத்திப் புடவையில் நின்று வாசித்தாள். கூப்பிட்ட பேரில் பலவற்றுக்குப் பதில் வரவில்லை. வராத பேருக்கு நேராக, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, சிவப்பு மையில் 'வரவில்லை' என்று போட்டாள்.

மத்தியானத்துக்குள் தறிக்கூடத்தில் சீல். கமலக்கண்ணன் மேல் கேஸ். மதிவதனியின் மெமோ ரத்து. சாயந்தரம் முப்பத்தி நாலு பேரும் பெஞ்சில்! கோமளா தன் பேரைக் கூப்பிட்டதும் பள்ளிக்கூடமே அதிர "உள்ளேன் டீச்சர்!" என்றாள். தண்டவாளத் துண்டுக்குப் புதுக் கம்பி வந்தது. முதல் மணியை மதிவதனிதான் அடித்தாள். அடித்து முடித்துவிட்டு நெடுநேரம் அந்த மரத்தடியிலேயே நின்றாள்.

ஜீப்பில் ஏறப் போன தென்னரசை ஜெயச்சந்திரன் ஓட்டமாய் வந்து மறித்தார். மீசை கலைந்திருந்தது.

"இன்ஸ்பெக்டர்... நான் கொலை பண்ணலன்னு ஆயிடுச்சே... அப்ப என்னோட அந்த நூறு சத விருது...?"

தென்னரசு ஒரு புது ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டார்.

"தாராளமா வாங்கிக்கங்க சார்... விழாவை மட்டும் அமாவாசைல வெக்கச் சொல்லுங்க. அன்னிக்கு ஒரு நாள்தான் நீங்க சொன்ன கணக்கு நிஜம்!"